பி.டி. பீரியட்டில் ‘நீ உட்காரு’ என்பது சரியா? பார்வையற்ற மாணவர்களுக்கு விளையாட்டு கற்றுத்தருவது எப்படி?

பி.டி. பீரியட் மணி அடித்தால் வகுப்பறையே காலியாகிவிடும். முப்பது நாற்பது பிள்ளைகள் மைதானத்தை நோக்கி ஓடுவார்கள். அந்த வகுப்பில் பார்வையற்ற மாணவர் ஒருவர் இருந்தால், அவருக்கென்று வழக்கமாக ஒரு வேலை ஒதுக்கப்படும். மரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்களின் பை, வாட்டர் பாட்டில், செருப்பு எல்லாவற்றையும் ‘பார்த்துக்கொள்வது’. பார்வை இல்லாத பிள்ளையிடம் “பார்த்துக்கோ” என்கிறோமே என்பதுகூட அங்கே யாருக்கும் உறைப்பதில்லை.

“நீ உட்காரும்மா, விழுந்துடப் போறே” என்று சொல்லும் ஆசிரியருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பயம்தான். பிள்ளைக்கு அடிபட்டால் பெற்றோருக்கு யார் பதில் சொல்வது? எப்படிச் சொல்லித் தருவது என்று தனக்கே யாரும் சொல்லித் தரவில்லையே என்ற தயக்கமும் சேர்ந்துகொள்ளும். ஆனால், வாரத்துக்கு இரண்டு பீரியட் என்று வைத்துக்கொண்டாலும், ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை ஐந்து ஆண்டுகள் ஒரு பிள்ளை மரத்தடியிலேயே உட்கார்ந்திருக்கிறது.

இதற்கு நேர் எதிரான காட்சி ஒன்று 2025 நவம்பர் 23 அன்று கொழும்பில் நடந்தது. பார்வையற்ற பெண்களுக்கான முதலாவது டி20 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் நேபாளத்தை 7 விக்கெட் வித்தியாசத்தில் வீழ்த்தி இந்திய அணி கோப்பையை வென்றது. இந்தியா, நேபாளம், இலங்கை, பாகிஸ்தான், ஆஸ்திரேலியா, அமெரிக்கா என ஆறு நாடுகள் களமிறங்கிய தொடர் அது. இந்திய அணிக்குக் கேப்டன் கர்நாடகத்தைச் சேர்ந்த தீபிகா டி.சி. அந்தக் களத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும், எப்போதோ ஒருவர் பந்தைக் கையில் கொடுத்து, குலுக்கிக் காட்டி, “இந்தச் சத்தத்தைக் கேளு” என்று சொல்லியிருப்பார். அந்த ஒருவர் செய்த வேலை என்ன என்பதுதான் இந்தக் கட்டுரை.

பார்க்காமல் ஓடக் கற்பது

மூன்று வயதுக் குழந்தைக்கு ஓடச் சொல்லிக் கொடுப்பது யார்? யாருமே இல்லை. அண்ணன் ஓடுவதைப் பார்க்கும், தெருப் பிள்ளைகளைப் பார்க்கும், டிவியில் பார்க்கும், தானாக ஓடும். கையை முன்னும் பின்னும் வீசுவது, முட்டியை உயர்த்துவது, குதித்துவிட்டு முட்டியை மடக்கி இறங்குவது எல்லாமே பார்த்துப் பழகியவை.

பிறவியிலேயே பார்வை இல்லாத குழந்தைக்கு இந்த இலவசப் பாடம் கிடைப்பதில்லை. அதனால்தான் அப்படிப்பட்ட மாணவர்கள் சிலர் கையை வீசாமல் விறைப்பாக ஓடுவார்கள், காலைத் தரையோடு தேய்த்து நடப்பார்கள். உடம்பில் குறை ஒன்றும் இருக்காது. யாரும் சொல்லித் தராததுதான் காரணம். ‘இவனால முடியாது’ என்று முடிவுகட்டும் இடமும் இதுதான்.

பத்து வயதில் விபத்திலோ நோயிலோ பார்வையை இழந்த பிள்ளையின் கதை வேறு. ஓட்டம் எப்படி இருக்கும், பந்து எப்படி வளையும் என்ற படம் அந்தப் பிள்ளையின் மனதில் ஏற்கெனவே இருக்கிறது. அங்கே உடைக்க வேண்டியது பயத்தைத்தான். ஆகவே ஒரு பி.டி. ஆசிரியர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, “எவ்வளவு தெரியும்?” என்பது மட்டுமல்ல, “எப்போதிலிருந்து தெரியவில்லை?” என்பதும்தான்.

இதில் விளையாட்டு தாண்டிய விஷயமும் இருக்கிறது. வெள்ளைக் கோலை வீசி நடப்பதற்கும், பஸ் படியில் தடுமாறினால் சமாளிப்பதற்கும், சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கணிப்பதற்கும் உடல் சமநிலையும் காதின் பழக்கமும் தேவை. இவை இரண்டையும் சேர்த்துப் பழக்கும் இடம் மைதானம்தான். விழுந்துவிடுவார்கள் என்று உட்கார வைக்கப்படும் பிள்ளைக்கு, விழாமல் இருக்கக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பே கிடைப்பதில்லை.

‘இப்படி’, ‘அங்கே’ என்ற சொற்களை மறக்க வேண்டும்

நம்முடைய பயிற்சியில் அதிகம் புழங்கும் இரண்டு சொற்கள்: “இப்படிப் பண்ணு”, “அங்கே போ”. பார்வையற்ற மாணவருக்கு இவை இரண்டாலும் பயனில்லை. “வலது காலை ஒரு அடி முன்னால் வை, முட்டியை லேசாக மடக்கு, கையைத் தோள் உயரத்துக்கு நீட்டு” என்று உடலின் பாகங்களைச் சொல்லிச் சொல்லித்தான் நகர்த்த வேண்டும். திசை சொல்வதற்குக் கடிகார முறை நன்றாக வேலை செய்யும். நேர் எதிரே 12 மணி, வலது கைப்பக்கம் 3 மணி. “பந்து 2 மணி திசையில், நாலடி தூரத்தில்” என்றால் போதும், கை தானாக அங்கே போகும். எதைச் சொல்வதாக இருந்தாலும் முதலில் பெயர். “ஓடு!” என்று பொதுவாகக் கத்தினால் யாரைச் சொல்கிறார் என்று எப்படித் தெரியும்?

வார்த்தை போதாத இடத்தில் தொடுதல் வருகிறது. இதில் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, ஆசிரியரோ சக மாணவரோ அசைவைச் செய்ய, பார்வையற்ற மாணவர் அவர்களின் தோளையோ முழங்கையையோ தொட்டு உணர்ந்து புரிந்துகொள்வது. இன்னொன்று, ஆசிரியர் மாணவரின் கையைப் பிடித்து அசைவைச் செய்ய வைப்பது. முதல் வழியே பெரும்பாலும் நல்லது. காரணம், அங்கே கட்டுப்பாடு மாணவரிடம் இருக்கிறது. எதைத் தொடுவது, எவ்வளவு நேரம் தொடுவது என்று அவரே முடிவு செய்கிறார்.

இரண்டாவது வழியில் ஒரு எச்சரிக்கை அவசியம். திடீரென்று ஒரு கை வந்து பிடிப்பது எவருக்குமே அதிர்ச்சிதான். வருவதைப் பார்க்க முடியாதவருக்கு இன்னும் அதிகம். “உன் முழங்கையைப் பிடிக்கப் போறேன், சரியா?” என்று கேட்டு, பதில் வந்த பிறகுதான் தொட வேண்டும். மாணவிகளுக்கு ஒரு மாணவியோ ஆசிரியையோ உதவுவது நல்லது. கை, கால் மடக்கக்கூடிய ஒரு பொம்மை இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. யோகாசன நிலையையோ, ஈட்டி எறியும் நிலையையோ பொம்மையில் அமைத்துக் கையில் கொடுத்தால், மாணவர் தடவிப் பார்த்து முழு உருவத்தையும் மனதில் ஏற்றிக்கொள்வார்.

விளையாடத் தொடங்கும் முன் மைதானத்தைச் சுற்றி நடக்க வைப்பதும் பாடத்தின் ஒரு பகுதிதான். இங்கே மண், இங்கே புல், இங்கே சுவர், இங்கே கொடிக்கம்பம். அந்தக் கொடிக்கம்பம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ஓடச் சொன்னால் எந்தப் பிள்ளைதான் ஓடும்? வேகமாக ஓடாததை ஆசிரியர் சோம்பேறித்தனம் என்று நினைக்கலாம். உண்மையில் அது புத்திசாலித்தனம்.

பாதிப் பார்வை என்றால் எல்லோருக்கும் ஒரே மாதிரி அல்ல

‘பார்வையற்றவர்’ என்றால் முழு இருட்டு என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் பார்வைக் குறைபாடு உள்ள மாணவர்களில் பலருக்கு ஏதோ ஒரு அளவு பார்வை இருக்கும். அது எந்த வகை என்று தெரியாமல் போவதால்தான் மைதானத்தில் பல தவறுகள் நடக்கின்றன.

ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா என்ற விழித்திரை நோய் இருப்பவருக்கு, குழாய் வழியே பார்ப்பதுபோல நேராக மட்டும் தெரியும். எதிரே வரும் பந்தைப் பிடித்துவிடுவார். பக்கவாட்டில் வரும் பந்து முகத்தில் அடிக்கும். வெளிச்சம் குறைந்தால் இவருக்குப் பார்வை மிகவும் மங்கும். மதியம் நன்றாக ஆடியவர் மாலை ஆறு மணிக்குத் தடுமாறினால் “நடிக்கிறான்” என்று திட்டுவது பெரிய அநியாயம்.

ஸ்டார்கார்ட் போன்ற, விழித்திரையின் மையத்தைப் பாதிக்கும் நோய்களில் இதற்கு நேர்மாறு. நடுவில் தெரியாது, ஓரத்தில் தெரியும். அதனால் அந்த மாணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓரக்கண்ணால் பார்ப்பார். “நான் பேசிட்டு இருக்கேன், எங்கே பாக்குற?” என்று ஆசிரியர் கேட்பார். அவர் ஆசிரியரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அல்பினிசம் இருக்கும் பிள்ளைக்கு நம் ஊர் வெயிலே எதிரி. தொப்பி, கருப்புக் கண்ணாடி, நிழலான நேரம் இவை மூன்றும் இருந்தால் அந்தப் பிள்ளை ஆடும். குறைந்த பார்வை உள்ளவர்களுக்குப் பந்தின் நிறமும் முக்கியம். செம்மண் தரையில் சிவப்புப் பந்து மறைந்துபோகும். பளிச் மஞ்சள் தெரியும்.

சில விளையாட்டுகளைச் சிலர் தவிர்க்கத்தான் வேண்டும். அதிகக் கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கும், ஏற்கெனவே விழித்திரை விலகல் ஏற்பட்டவர்களுக்கும் தலையில் அடிபடக்கூடிய ஆட்டங்கள் ஆபத்து. கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்குச் சிரசாசனம் போன்ற தலைகீழ் ஆசனங்கள் கூடாது, அவை கண்ணின் அழுத்தத்தை இன்னும் கூட்டும். ஒரு கண்ணில் மட்டும் பார்வை உள்ளவர், அந்தக் கண்ணுக்குப் பாலிகார்பனேட் காப்புக் கண்ணாடி போட வேண்டும். எனவே கண் மருத்துவரிடம் “விளையாடலாமா?” என்று கேட்பதைவிட, “எதெல்லாம் விளையாடக் கூடாது?” என்று கேட்பது நல்லது. முதல் கேள்விக்கு வரும் பதில் பெரும்பாலும் ‘வேண்டாம்’ என்பதாகவே இருக்கும். இரண்டாவது கேள்விக்கு ஒரு பட்டியல் கிடைக்கும்; அதில் இல்லாததை எல்லாம் ஆடலாம்.

கிலுகிலுக்கும் பந்து

பார்வையற்றோர் கிரிக்கெட் ஆஸ்திரேலியாவில் பிறந்தது. 1922-ல் மெல்போர்னில் தொழிற்கூடத் தொழிலாளர்கள் தகர டப்பாவுக்குள் கற்களைப் போட்டு ஆடியதில் தொடங்கியது என்கிறார்கள். இன்று உள்ளே பால்ரஸ் குண்டுகள் போட்ட கெட்டியான பிளாஸ்டிக் பந்து. உருண்டால் கிலுகிலுக்கும்.

காற்றில் பறக்கும் பந்தைவிடத் தரையில் உருளும் பந்துதான் தெளிவாகக் கேட்கும். அதனால் பந்தைத் தோளுக்குக் கீழே கையை வீசித்தான் போட வேண்டும். பிட்ச்சின் பாதித் தூரத்துக்குள் பந்து ஒருமுறையாவது தரையில் பட்டாக வேண்டும். போடும் முன் பவுலர் “ரெடி?” என்று கேட்பார். பேட்டர் “யெஸ்” என்பார். பிறகு “பிளே” என்று சொல்லிக்கொண்டே பந்தை விடுவார். பேட்டர் பெரும்பாலும் முட்டி போட்டு ஸ்வீப் ஆடுவார். தரையோடு வரும் பந்துக்கு அதுதான் பொருத்தமான ஷாட்.

பார்வை அளவை வைத்து வீரர்கள் மூன்று பிரிவு. பி1 என்பது முழுப் பார்வையின்மை அல்லது ஏறக்குறைய அந்த நிலை. பி2 மிகக் குறைந்த பார்வை. பி3-க்கு உச்ச வரம்பு 6/60, அதாவது மற்றவர்கள் 60 மீட்டரில் நின்று படிப்பதை இவர் 6 மீட்டர் நெருங்கினால்தான் படிக்க முடியும். பதினொரு பேரில் குறைந்தது நான்கு பேர் பி1 ஆக இருக்க வேண்டும். பி1 வீரர் அடிக்கும் ரன் இரட்டிப்பாகக் கணக்கிடப்படும். அவருக்காக ரன்னர் ஓடுவார். பந்து ஒருமுறை தரையில் பட்டு எழும்பிய பிறகு அவர் பிடித்தாலும் கேட்ச்தான்.

இந்த ‘இரட்டிப்பு ரன்’ ஏதோ இரக்கப்பட்டுக் கொடுத்த சலுகை போலத் தோன்றலாம். அப்படியல்ல. இந்த விதி இல்லாவிட்டால் ஒவ்வொரு அணியும் ஓரளவு பார்வை உள்ளவர்களை வைத்தே ஆட்டத்தை முடித்துவிடும். முழுப் பார்வையின்மை உள்ளவர் அணியில் இருந்தும் ஓரமாக நிற்பார். பார்வையற்றோர் பள்ளிகளிலேயே இந்தப் பிரச்சினை உண்டு. கொஞ்சம் தெரிகிற பிள்ளைகள் ஆடுவார்கள், ஒன்றும் தெரியாத பிள்ளைகள் கை தட்டுவார்கள். அங்கேயும் ஒரு மரத்தடி இருக்கிறது.

இந்த ஆட்டத்தில் இந்தியாவுக்கு நீண்ட வரலாறு உண்டு. முதல் உலகக் கோப்பை 1998-ல் டெல்லியில் நடந்தது, தென்னாப்பிரிக்கா வென்றது. 2012-ல் பெங்களூருவில் நடந்த முதல் டி20 உலகக் கோப்பையை இந்தியா வென்றது. அப்போதைய கேப்டன் சேகர் நாயக்குக்கு 2017-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2023-ல் பர்மிங்ஹாமில் நடந்த பார்வையற்றோருக்கான உலக விளையாட்டுப் போட்டியில் இந்தியப் பெண்கள் அணி தங்கம் வாங்கியது.

எல்லோர் கண்ணையும் கட்டிவிட்டால்?

கோல்பால் என்றொரு ஆட்டம். நம் ஊரில் அதிகம் பேருக்குத் தெரியாது. ஏற்கெனவே இருந்த ஒன்றைப் பார்வையற்றவர்களுக்காக மாற்றியதல்ல இது, அவர்களுக்காகவே உருவாக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக 1946-ல் ஆஸ்திரியாவின் ஹான்ஸ் லோரன்சனும் ஜெர்மனியின் செப் ரெய்ன்ட்லேயும் இதை வடிவமைத்தார்கள். 1976 டொரன்டோ பாராலிம்பிக்கிலிருந்து பதக்க விளையாட்டு.

ஓர் அணிக்கு மூன்று பேர். 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம் கொண்ட களம். களத்தின் மொத்த அகலமும் கோல்தான். மணிகள் வைத்த 1.25 கிலோ எடையுள்ள பந்தை எதிரணி உருட்டி எறிய, இவர்கள் உடம்பை நீட்டிப் படுத்துத் தடுப்பார்கள். கொஞ்சம் பார்வை இருக்கிறதா, சுத்தமாக இல்லையா என்பது இங்கே பிரச்சினையே இல்லை. எல்லோரும் ஒளிபுகாத கண் கவசம் போட வேண்டும்.

பள்ளிகளுக்கு இது ஏன் முக்கியம் என்றால், கண்ணைக் கட்டினால் பார்வையுள்ள மாணவரும் இதில் ஆடலாம். ஆடிப் பார்த்தால் ஒன்று புரியும்: வகுப்பிலேயே வேகமான பையன் இங்கே பந்து எங்கே என்று தெரியாமல் தவிப்பான், வருடக்கணக்கில் காதைத் தீட்டி வைத்திருக்கும் பார்வையற்ற மாணவி நிதானமாகத் தடுப்பார். களத்தின் கோடுகளைக் கூடக் காலால் உணரலாம். டேப்புக்கு அடியில் நூல் கயிறு ஓடும், அவ்வளவுதான். சுண்ணாம்புப் பொடியில் போடும் நம் மைதானக் கோட்டைத் தடவித் தெரிந்துகொள்ள முடியாது.

ஒரே நிபந்தனை, பார்வையாளர்கள் வாய் திறக்கக் கூடாது. பந்து நகரும்போது அரங்கமே அமைதியாக இருக்கும். கோல் விழுந்த பிறகுதான் கைதட்டல். ஆட்டம் தொடங்கும் முன்பே விசிலடிக்கும் நம் கூட்டத்துக்கு இதைப் பழக்குவது தனிப் பயிற்சி.

பார்வையற்றோர் கால்பந்து 2004 முதல் பாராலிம்பிக்கில் இருக்கிறது. ஐந்து பேர் அணி, கோல்கீப்பருக்கு மட்டும் பார்வை உண்டு. பந்தை எடுக்கப் போகிறவர் “வாய்” என்று குரல் கொடுத்தபடியே போக வேண்டும், ஸ்பானிய மொழியில் ‘வருகிறேன்’ என்று அர்த்தம். மோதலைத் தவிர்க்க இது கட்டாய விதி. நம் கபடியில் பாடிக்கொண்டே போகிறவர் எங்கே இருக்கிறார் என்று காதிலேயே தெரிந்துவிடுகிறதே, கிட்டத்தட்ட அதே உத்தி.

ஜூடோவில் மாற்றம் இன்னும் சின்னது. இருவரும் ஒருவர் ஆடையை ஒருவர் பிடித்த நிலையில் ஆட்டம் தொடங்கும். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் கபில் பார்மர் இதில் வெண்கலம் வென்றார். பாராலிம்பிக் ஜூடோவில் இந்தியாவுக்கு அதுவே முதல் பதக்கம். செஸ்ஸில் துளையிட்ட பலகை, கருப்புக் கட்டங்கள் சற்று உயர்ந்திருக்கும், காயைத் தடவிப் பார்க்கலாம், நகர்வை வாயால் சொல்ல வேண்டும்.

கயிறும் கைத்தட்டலும்

செலவில்லாமல் நாளைக்கே தொடங்க வேண்டுமென்றால் ஓட்டம்தான். முதல் படி, ஆசிரியர் இருபது மீட்டர் தள்ளி நின்று விடாமல் கைதட்டுவார், மாணவர் சத்தத்தை நோக்கி ஓடுவார். அடுத்தது, இரண்டு கம்பங்களுக்கு நடுவே இடுப்பு உயரத்தில் இழுத்துக் கட்டிய கயிறு. அதில் ஒரு வளையம். வளையத்தைப் பிடித்துக்கொண்டு மாணவர் தனியாக, முழு வேகத்தில் ஓடலாம். கம்பத்துக்குச் சில மீட்டர் முன்பே கயிற்றில் ஒரு முடிச்சு போட்டுவிட வேண்டும். வளையம் முடிச்சில் இடித்ததும் நின்றுவிடுவார். பக்கத்தில் யாரும் இல்லாமல், யார் கையையும் பிடிக்காமல் வாழ்க்கையில் முதல்முறை ஓடும் வாய்ப்பு பல பிள்ளைகளுக்கு இந்தக் கயிற்றில்தான் கிடைக்கிறது.

அதற்குப் பிறகு துணை ஓட்டக்காரர். இருவர் கையையும் ஒரு சின்னக் கயிறு இணைக்கும். துணைக்கு வருபவர் வேகமாக ஓடக்கூடியவராக இருக்க வேண்டும், ஆனால் முந்தக் கூடாது, இழுக்கக் கூடாது, தள்ளக் கூடாது. சர்வதேசப் போட்டியில் வீரருக்கு முன்னால் துணை ஓட்டக்காரர் கோட்டைத் தாண்டினால் தகுதிநீக்கம். பாரிஸில் சிம்ரன் சர்மா 200 மீட்டரில் வெண்கலம் வென்றது இப்படி ஒரு துணை ஓட்டக்காரருடன்தான். பள்ளியில் வகுப்புத் தோழர்களையே இதற்குப் பழக்கலாம். முதலில் அவர்கள் கண்ணைக் கட்டி ஓட வைத்தால் போதும், பொறுப்பு தானாக வந்துவிடும்.

சத்தப் பந்து வாங்கப் பணம் இல்லையா? சாதாரண கால்பந்தை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு இறுக்கிக் கட்டினால் உருளும்போது சரசரக்கும். உலகம் முழுக்க இந்தத் தந்திரம் உண்டு. கேரி பேக் தடை உள்ள ஊரில் பழைய பிஸ்கட் கவரும் ஆகும். சலங்கை மணிகளைத் துணிப்பந்துக்குள் வைத்துத் தைக்கலாம். இலக்கு எங்கே என்று காட்ட, கூடைக்குப் பின்னால் ஒரு செல்போனில் பாட்டு ஓடவிட்டால் முடிந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 16-ன்படி, அரசு நிதி பெறும் அல்லது அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்கள் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு மற்றவர்களுக்குச் சமமாக விளையாட்டு வாய்ப்பையும் தர வேண்டும். பிரிவு 30 தனியாக விளையாட்டைப் பற்றியே பேசுகிறது. ஆக, ‘விலக்கு கொடுத்திருக்கோம்’ என்று பள்ளி சொல்வது பெருந்தன்மை ஆகாது.

பெற்றோர்கள் பள்ளிக்குப் போகும்போது மார்க் பற்றிக் கேட்கிறோம். அடுத்த முறை போகும்போது, பி.டி. பீரியட்டில் என் பிள்ளை என்ன செய்கிறாள் என்றும் கேட்கலாம். கண் மருத்துவர் எழுதிக் கொடுத்த ‘கூடாது’ பட்டியலைப் பி.டி. ஆசிரியர் கையில் கொடுக்கலாம். அந்த மைதானத்தில் இரண்டு கம்பங்கள் இருக்கின்றனவா, இல்லாவிட்டால் இரண்டு மரங்களாவது இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, திரும்பும் வழியில் முப்பது மீட்டர் நைலான் கயிறும் ஒரு இரும்பு வளையமும் வாங்கலாம்.